செம்பருத்திக்கு ஊற்றிய தண்ணீர்

நடந்தவை, வரிசையாக:

1. என் தங்கைக்கு ஆறு வயதில் குளிர்காய்ச்சல் வந்தது. தாம்பரத்தில் எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் மலேரியாவாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது.

2. மறுபடியும் வந்தது. டைஃபாய்டு என்றார்கள். கஞ்சியும் ரொட்டியும் கொடுத்துப் படுக்க வைத்தோம். அதுவும் இறங்கியது.

3. அடுத்த முறை வந்தபோது நான் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவள் சிறுநீரை ஒரு மருந்து பாட்டிலில் எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் போனேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்த இடமெல்லாம் சீழ் அணுக்கள்.

4. எக்ஸ்ரே எடுத்தார்கள். சிறுநீர்ப்பையிலிருந்து கீழே இறங்கி வெளியேற வேண்டியது, வலது பக்கத்தில் மட்டும் மேலேறி சிறுநீரகத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

5. ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். இன்னொருவர் செய்யாமலே சரிப்படுத்தலாம் என்றார்.

6. இரண்டாமவர் சொன்னதைக் கேட்டோம்.

7. அவர் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் கொடுத்தோம். அப்படியும் தவறு நடந்தது.

ஏழாவதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு எங்கள் வீட்டையும் அம்மாவின் பள்ளிக்கூடத்தையும் முதலில் சொல்லியாக வேண்டும்.

அம்மா தாம்பரத்தில் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா ரயில்வேயில் கிளார்க். நான் மூத்தவள். எனக்குப் பிறகு நெடுநாள் கழித்துப் பிறந்தவள் தங்கை, நடுவில் யாரும் இல்லை. நாங்கள் இருவருமே அம்மாவின் பள்ளிக்கூடத்தில்தான் படித்தோம். அங்கே டீச்சர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்டுக்குள் காலை வைத்துவிட்டால் அம்மாவை அம்மா என்று கூப்பிடக் கூடாது. டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் அவர் மறுபடி அம்மாவாகி எங்கள் பையை வாங்கிக்கொள்வார். தன் பிள்ளைக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டார், முன் பெஞ்சில் உட்கார வைத்தார் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அம்மா மிகவும் கவனமாக இருந்தார். மற்ற பிள்ளைகளுக்கு விழும் அடியைவிட எங்களுக்கு ஒன்று கூடவே விழும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு கக்கூஸ்தான். அது டீச்சர்களுக்கு. பூட்டியிருக்கும், சாவி, பெரிய டீச்சர் என்று நாங்கள் கூப்பிடும் தலைமை ஆசிரியையின் மேஜையில் இருக்கும். பையன்கள் ரயில் பாதை ஓரமாகச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார்கள். பெண் பிள்ளைகள் அடக்கிக்கொள்வார்கள். அதனால் பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் காலையில் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் இட்லிக்குப் பிறகு அரை டம்ளர் காப்பி, அத்தோடு சரி. நான் தண்ணீர்ச் சொம்பைத் தொட்டால் அம்மா அதை நகர்த்தி வைப்பார். "அப்புறம் அவஸ்தைப்படுவே." இது கொடுமை என்று யாரும் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அம்மா மற்ற பெண்களிடம் பெருமையாகச் சொல்வார்: "சின்னது கூட அசையாம உக்காந்திருந்துச்சு, பாத்தீங்களா?"

தங்கை என்னைவிட நன்றாக அடக்குவாள்.

எக்ஸ்ரே அன்று இது தெரிந்தது. அந்தப் பரிசோதனையில் ரப்பர் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையை மருந்தால் நிரப்பிவிட்டு, குழந்தையை எக்ஸ்ரே மேஜை மேலேயே சிறுநீர் போகச் சொல்வார்கள். போகும் நேரத்தில் எடுக்கும் படம்தான் வேண்டும். நான் ஆஸ்பத்திரி ஆள் என்பதால் அறை வாசல் வரை விட்டார்கள். அம்மா உள்ளே, ஈயம் வைத்த ஏப்ரனைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"போ பாப்பா, தட்டு வெச்சிருக்கு, போ" என்றார் நர்ஸ்.

தங்கை போகவில்லை. வயிறு மேடாகத் தெரிந்தது. நர்ஸ் கை கழுவும் குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் காட்டினார். எக்ஸ்ரே எடுப்பவர், "இன்னா பாப்பா, டேங்க் ரொம்பி வழியுது, நீ கேட்ட தொறக்க மாட்டேங்குறியே" என்றார். அவள் சிரிக்கவில்லை. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள், அம்மாவைப் பார்த்துக் கையைக் கொஞ்சம் தூக்கினாள். வகுப்பில் தூக்குவதைப் போல.

"டீச்சர், போகட்டுமா?"

அம்மா அவள் கையைப் பிடித்து இறக்கினார். பிறகு, "போம்மா" என்றார்.

படம் கிடைத்தது. வெள்ளைக் கோடு ஒன்று வலது பக்கமாக மேலே ஏறியிருந்தது.

ஆபரேஷன் வேண்டும் என்ற டாக்டர் நல்ல பெயர் எடுத்தவர். சிறுநீர்க் குழாயைப் பையிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்துத் தைப்பது எப்படி என்று ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். அதே ஆபரேஷன் முடிந்து, கூடுவாஞ்சேரிப் பக்கத்துக் குழந்தை ஒன்று வார்டில் இருந்தது. அதன் தாயிடம் பேசலாம் என்று மறுநாள் போனோம். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வார்டு ஆயா தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் திரும்பினோம்.

அப்பாதான் குழந்தைகள் பிரிவில் இருந்த லேடி டாக்டரிடம் போகலாம் என்றார். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"வளர வளர, குழாய் பையில சேர்ற அந்த இடம் தானா இறுகிக்கும், டீச்சர். நிறைய குழந்தைகளுக்கு அப்படி ஆகுது. ஆனா அதுவரைக்கும் கிருமி மேல ஏறக் கூடாது. ஒவ்வொரு தடவ காய்ச்சல் வர்றப்பவும் கிட்னியில ஒரு துண்டு செத்துப்போகுதுன்னு வெச்சுக்கோங்க. செத்தது திரும்பி வராது."

"மருந்து மட்டும் போதுமா டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"மருந்து கால்வாசி. மிச்சம் உங்க கையில."

அவர் சொன்னவை இவை. கிருமியைத் தடுக்கும் சல்ஃபா மாத்திரை தினமும். நிறையத் தண்ணீர், முக்கியமாகப் பகலில். வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். போய் முடித்ததும் கொஞ்சம் நின்று, மறுபடி உட்கார்ந்து மிச்சத்தையும் போக்க வேண்டும், மேலே ஏறியது அதற்குள் கீழே இறங்கியிருக்கும். மலச்சிக்கல் வரக் கூடாது. வாசல் வரை வந்து அவர் திரும்பவும் சொன்னார்: "அடக்கவே கூடாது. இது ஒண்ணு தவறிச்சுன்னா மாத்திரை குடுக்கறதுல அர்த்தமே இல்ல."

அம்மா தலையை ஆட்டினார். அம்மா எதையாவது ஒப்புக்கொண்டால் அதைச் செய்து முடிப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சொம்பை நகர்த்திய அதே கை இப்போது டம்ளரை நிரப்பி நீட்டியது. அலாரம் கடிகாரத்தைக் கூடத்தில் வைத்தோம். தங்கை பாத்ரூமிலிருந்து வந்தால் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஷண்டிங் முடியல, இன்ஜின் திரும்பிப் போகணும்" என்பார். அவள், "போங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போவாள். அவளுக்கு நீல நிறத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கினோம். கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். தினமும் காலியாகத்தான் திரும்பி வந்தது. அம்மா அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு எனக்குக் காட்டுவார்.

நான் அவ்வப்போது காலையில் அவள் சிறுநீரை லேபுக்கு எடுத்துப் போவேன். சுத்தமாக இருந்தது. அந்த வருடம் போகப் போக எங்களுக்குத் தைரியம் வந்தது.

பிறகு லேசாக ஒரு காய்ச்சல் தலைகாட்டியது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி, தண்ணீரையும் கூட்டச் சொன்னார். அந்த வாரத்திலேயே ஒரு நாள் நடுப்பகலில் அம்மா தங்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வகுப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாளாம். சாம்பிள் என் மேஜைக்கு வந்தது. இன்னும் சூடாக இருந்தது. நிறம், கடுங்காப்பி.

சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்க எங்களிடம் ஒரு கண்ணாடி மிதவை உண்டு. நிறையத் தண்ணீர் குடிப்பவரின் சிறுநீரில் அது இறங்கி நிற்கும். அன்று ஏறி நின்றது, கொளுத்தும் வெயிலில் ரோடு போடுகிறவர்களின் சிறுநீரில் நிற்பதைப் போல. மைக்ராஸ்கோப்பில் சிவப்பணுக்களுக்கு நடுவே பழுப்பு நிற ஊசிகள், நடுவில் கட்டிய கதிர்க்கட்டுகள் மாதிரி. சல்ஃபா மாத்திரை தண்ணீர் போதாமல் படிகமாகிவிட்டால் அப்படித்தான் இருக்கும். பாடத்தில் படம் போட்டிருந்தார்கள். நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாத்திரை உள்ளே போயிருந்தது. தண்ணீர் போகவில்லை.

தங்கை வெளியே பெஞ்சில் அம்மா மடியில் படுத்திருந்தாள். பாட்டில் இன்னும் கழுத்தில் தொங்கியது. காலி.

"தண்ணி குடிச்சியா?" என்று கேட்டேன்.

"பாட்டில் காலியாத்தானே இருக்கு" என்றார் அம்மா.

"அவ சொல்லட்டும்மா. யாரு குடிச்சா?"

தங்கை பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "செம்பருத்தி" என்றாள்.

"என்ன?"

"கேட்டு பக்கத்துல இருக்குல்ல, அந்தச் செடி. தினமும் அதுக்குத்தான் ஊத்துவேன்."

"ஏன்டி?" அம்மாவின் குரல் மாறிவிட்டது. "ஏன்டி அப்படிப் பண்ணினே?"

"குடிச்சா வரும். வந்தா நீங்க விட மாட்டீங்க, டீச்சர்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. முதல் வாரத்தில் அவள் வகுப்பில் கையைத் தூக்கியிருக்கிறாள். அந்த வருடம் அவளுடைய வகுப்பு டீச்சரே அம்மாதான். "டீச்சர், ஒன்னுக்கு" என்று அவள் சொன்னதும், மற்ற எந்தப் பிள்ளைக்கும் சொல்வதையே அம்மா அவளுக்கும் சொல்லியிருக்கிறார்: "இன்டர்வல் வரைக்கும் பொறு." இன்டர்வலில் டீச்சர்கள் எல்லோரும் போய் வந்த பிறகுதான், ரொம்ப அவசரம் என்று கெஞ்சுகிற பிள்ளைக்குச் சாவி. அதற்குள் மணி அடித்துவிடும். ஒருமுறை தாமதமாக வந்ததற்கு அவளை வாசலில் நிற்க வைத்தார். பையன்கள் அவளுக்குக் குழாய் என்று பெயர் வைத்தார்கள். "டேய், குழா வருதுடா, பக்கெட்ட வையுங்கடா." அதன் பிறகு அவள் கையைத் தூக்கவே இல்லை.

அவளை வார்டில் சேர்த்தோம். ஊசியிலும் குளுகோஸிலும் வலி அடங்கித் தூங்கினாள். வார்டு வராந்தாவில் அம்மாவிடம் கேட்டேன்.

"டாக்டர்கிட்ட சரின்னு சொன்னீங்களேம்மா."

"வீட்ல செஞ்சேனா இல்லையா?"

"ஸ்கூல்ல?"

"ஸ்கூல்ல நான் என்ன பண்றது? பக்கத்து பெஞ்சுல ஒருத்தி வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அவள உக்காருன்னு சொல்லிட்டு என் பிள்ளைக்கு மட்டும் சாவிய எடுத்து நீட்டணுமா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பாடம் நடத்துறது?"

"அவளுக்கு உடம்பு சரியில்லம்மா."

"அங்க இருக்குற எல்லாத்துக்கும் ஏதாவது ஒண்ணு சரியில்ல" என்றார் அம்மா. "எல்லாருக்கும்னா கேக்கறேன். இவளுக்கு மட்டும்னு கேக்க மாட்டேன்."

எல்லாருக்கும் என்றுதான் கேட்டார். நான் லீவு போட்டுவிட்டு உடன் போனேன். பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. "உங்க பிள்ளைக்குன்னா இப்பவே சாவி தரேன். எல்லாருக்கும்னா தண்ணிக்கு எங்க போறது? கிணத்த எட்டிப் பாத்தீங்களா?" என்றார். பள்ளிக்கூட ஆயா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், பேஜாரா கீது உன்னோட. இத்தினி பொண்ணுங்க போச்சுன்னா எத்தினி கொடம் நான் தூக்கினு வர்றது? பம்பு தெருக்கோடில கீது. என் இடுப்பு இன்னா இரும்பா?"

"நான் தூக்கறேன்" என்றார் அம்மா.

ஆயா சிரித்துவிட்டாள். "நீயா? கஞ்சி போட்ட பொடவ கட்டிக்கினா?"

மறுநாளிலிருந்து அம்மா பிரேயர் மணிக்கு முன்னால் தெருப் பம்பில் குடம் பிடித்துச் சுமந்தார். சேலையைத் தூக்கிச் செருகியிருப்பார். பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். மற்ற டீச்சர்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு கோபித்துக்கொண்டார்கள். நாளைக்குத் தங்களையும் தூக்கச் சொல்வார்கள் என்ற பயம். கடைசியில் ஆயாவே ஒரு குடத்தைப் பிடுங்கிக்கொண்டு, "தள்ளு டீச்சர், பாக்க சகிக்கல" என்றாள். கக்கூஸ் பகல் முழுவதும் திறந்திருந்தது. பெண் பிள்ளைகள் போய் வந்தார்கள். தங்கை பாட்டில் தண்ணீரைத் தானே குடித்தாள். மிதவை இறங்கி நின்றது.

கோடை வந்ததும் பம்பில் தண்ணீர் வருவது நின்றது. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்த தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே போதவில்லை. நாற்றம் தாங்காமல் பெரிய டீச்சர் மறுபடி பூட்டைப் போட்டார். தண்ணீர் வந்ததும் திறப்போம், அதுவரை எல்லோரும் பொறுத்துக்கொள்ளட்டும் என்றார். அம்மா எதிர்த்துப் பேசினார், மனு எழுதினார், சர்ச் கமிட்டியில் போய் நின்றார். தங்கைக்கு மட்டும் கேட்கவில்லை. அப்பா கெஞ்சினார். நான் சண்டை போட்டேன். "இன்னும் கொஞ்ச நாள்" என்றே அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. முன்பு வந்தது எதுவும் அந்த மாதிரி இல்லை. கட்டில் ஆடும்படி நடுங்கினாள். பிதற்றினாள். பிதற்றலிலும் கையைத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் வெகுநாள் இருந்தோம். பிழைப்பாளா என்று டாக்டரிடம் கேட்க எங்கள் மூவருக்குமே வாய் வரவில்லை.

காய்ச்சல் இறங்கிய பிறகு எடுத்த எக்ஸ்ரேயை லேடி டாக்டர் எங்களுக்குக் காட்டினார். வலது சிறுநீரகத்தின் ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

"இது பழைய காய்ச்சலா, இப்ப வந்ததா டாக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"ரெண்டும் இருக்கலாம். பிரிச்சுச் சொல்ல முடியாது."

அம்மா படத்தை உறையில் போட்டு வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடம் திறந்த அன்று நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போய், என் பிள்ளைக்கு மட்டும் ஒரு சாவி வேண்டும் என்று கேட்டார். பெரிய டீச்சர் உடனே இன்னொரு சாவி செய்து கொடுத்தார். அதைக் கருப்புக் கயிற்றில் கோத்துத் தங்கையின் கழுத்தில் பாட்டிலோடு மாட்டிவிட்டோம். அவளுக்காக மட்டும் ஒரு குடம் தண்ணீரை அப்பா சைக்கிளில் கொண்டுபோய் வைத்தார். அவள் கேட்காமலே எழுந்து போவாள், வருவாள்.

முதல் நாளே பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாளாம், "டீச்சர், அந்தச் சாவிய எனக்கும் ஒரு தடவ தரச் சொல்லுங்களேன்?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உக்காருன்னு சொன்னேன்" என்றார் அம்மா. பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சாவி வந்த பிறகு காய்ச்சல் வரவில்லை. மாத்திரை, தண்ணீர், கடிகாரம், இரண்டாவது தடவை உட்காருவது எல்லாம் வருடக்கணக்கில் தொடர்ந்தன. டாக்டர் முதலில் சொன்னதும் நடந்தது. அவள் வளர்ந்தாள், அந்த இடம் இறுகிக்கொண்டது. கடைசியாக எடுத்த படத்தில் வெள்ளைக் கோடு மேலே ஏறவில்லை. "ஆபரேஷன் இல்லாமலே முடிஞ்சிடுச்சு" என்றார் டாக்டர். நாங்கள் நன்றி சொன்னோம். சிரிக்க வரவில்லை.

இன்றைய நிலை இது. தங்கை உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். இடது சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. வலது, இடதில் பாதிதான் இருக்கிறது, இனி வளராது. அந்தப் பழுது ரத்த அழுத்தத்தை ஏற்றக் கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்கிறோம். போன முறை சற்றுக் கூடுதலாக இருந்தது, திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வரை அவர் தண்ணீர் குடிப்பதில்லை. கக்கூஸ் பிள்ளைகளுக்கு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.